அணு அளவு மாதிரிகள்: மாணவர் கையில் எதை முதலில் கொடுப்பது?

கரும்பலகையில் பியூட்டேனை மூன்று கோட்டில் வரைந்துவிடலாம். அதன் நடுப் பிணைப்பு சுழன்றுகொண்டே இருக்கிறது, சுழலச் சுழல ஆற்றல் ஏறி இறங்குகிறது, அறை வெப்பநிலையில் பத்து மூலக்கூறுகளில் ஏழு நீட்டி நிமிர்ந்தும் மூன்று மடங்கியும் இருக்கின்றன என்பதையெல்லாம் அந்தக் கோடுகள் சொல்வதில்லை. கரிம வேதியியலில் வச அமைப்பு (ஒற்றைப் பிணைப்பு சுழல்வதால் மூலக்கூறு எடுக்கும் வடிவங்கள்) என்ற பாடம் தொடங்கும் இடத்திலேயே மாணவருக்கு ஒரு மாதிரி வேண்டியிருக்கிறது.

வழிகள் ஐந்து உண்டு. உருண்டையும் குச்சியும் கொண்ட பெட்டி, உலாவியில் ஓடும் ஃபெட் சிமுலேஷன்கள், விசைப்புலத்தை வைத்துக் கணக்கிடும் அவகாட்ரோ மென்பொருள், எலக்ட்ரான்களையும் சேர்த்துப் பார்க்கும் குவாண்டம் கணக்கு, அணுக்களை நேரத்தோடு நகர்த்தும் மூலக்கூறு இயக்கவியல். விலை, கணினிகளின் எண்ணிக்கை, பாடவேளை எல்லாம் பார்க்க வேண்டியவைதான். ஆனால் அவற்றுக்கு முன்னால் கேட்க வேண்டியது ஒன்று: இந்த மாதிரி எந்த இடத்தில் தவறுகிறது என்பதை மாணவர் தாமே கண்டுபிடிக்க முடியுமா? முடிந்தால் அது நல்ல பாடக் கருவி. முடியாவிட்டால், எவ்வளவு துல்லியமான மென்பொருளாக இருந்தாலும் திரையில் வந்த எண்ணை நோட்டில் எழுதும் பழக்கம்தான் மிஞ்சும்.

ஒன்றை மட்டுமே தேர்ந்தெடுக்க வேண்டிய நிலை என்றால், பள்ளிக்கு உருண்டை-குச்சிப் பெட்டி, கல்லூரிக்கு அவகாட்ரோ. காரணங்கள் கீழே.

உருண்டையும் குச்சியும்

கார்பனுக்குக் கறுப்பு, ஹைட்ரஜனுக்கு வெள்ளை, ஆக்சிஜனுக்குச் சிவப்பு, நைட்ரஜனுக்கு நீலம். இந்த நிற வழக்கம் 1865இல் லண்டனில் ஆகஸ்ட் ஹாஃப்மன் குரோக்கே விளையாட்டுப் பந்துகளைக் கோத்துக் காட்டிய காலத்திலிருந்தே வருகிறது. இன்றைய மென்பொருள்களும் ஏறக்குறைய அதே நிறங்களைத்தான் பயன்படுத்துகின்றன. ஆகவே பெட்டியில் பழகிய கண், திரைக்கு மாறும்போது தடுமாறுவதில்லை.

வாங்கும்போது பெட்டியில் மொத்தம் எத்தனை துண்டுகள் என்று பார்ப்பதைவிட, மெத்தில்சைக்ளோஹெக்சேனைக் கட்ட முடியுமா என்று பாருங்கள். அதற்கு 7 கார்பன், 14 ஹைட்ரஜன், 21 குச்சிகள் வேண்டும். பல சிறிய பெட்டிகளில் கார்பன் ஆறோடு நின்றுவிடும், அல்லது ஹைட்ரஜன் போதாது. மூன்று பேருக்கு ஒரு பெட்டி என்ற கணக்கில் 40 பேர் வகுப்புக்கு 14 பெட்டி. இருவருக்கு ஒன்று என்றால் இன்னும் நல்லது. நான்கு பேரானால் ஒருவர் கட்டுவார், மூவர் வேடிக்கை பார்ப்பார்கள்.

பெட்டியால் மட்டுமே கற்றுத்தர முடிகிற விஷயங்கள் இரண்டு. ஒன்று, ஆடிப்பிம்ப மூலக்கூறுகள். ஒரு கார்பனில் நான்கு வேறு நிற உருண்டைகளைச் செருகி, அதன் பிம்பத்தையும் கட்டி, ஒன்றின்மேல் ஒன்றைப் பொருத்தச் சொல்லுங்கள். இரண்டு நிறங்களைப் பொருத்தினால் மற்ற இரண்டும் இடம் மாறி நிற்கும். இதைத் திரையில் பார்க்கிற மாணவர் தலையாட்டுவார். கையில் திருப்பிப் பார்த்தவருக்குத்தான் அது உறைக்கும்.

இரண்டாவது சைக்ளோஹெக்சேன். 6 கார்பன், 12 ஹைட்ரஜன், 18 குச்சிகள். நாற்காலி வடிவில் வைத்து, மேலும் கீழுமாக நேராக நிற்கும் ஆறு அச்சு ஹைட்ரஜன்களிலும் சிவப்பு டேப் ஒட்டச் சொல்லுங்கள். பிறகு ஒரு முனையைப் பிடித்து மறுபக்கம் தள்ளினால் வளையம் முதலில் முரண்டு பிடிக்கும், பின் சட்டென்று புரண்டு கொடுக்கும். டேப் ஒட்டிய ஆறும் இப்போது பக்கவாட்டில், நடுவரை நிலையில் இருக்கும். அந்த முரண்டுதான் மோலுக்கு ஏறக்குறைய 45 கிலோஜூல் ஆற்றல் தடை. படகு வடிவத்தைக் கையில் பிடித்தால் அது தளதளவென்று நெளியும், நாற்காலி இறுகி நிற்கும். இந்த வேறுபாட்டை எந்தச் சிமுலேஷனும் விரலுக்குத் தருவதில்லை.

பெட்டி தவறும் இடங்கள் வெளிப்படையானவை. ஈத்தேனைக் கட்டிச் சுழற்றினால் வழுக்கிக்கொண்டு சுழலும். உண்மையில் ஹைட்ரஜன்கள் ஒன்றையொன்று மறைக்கும் நிலையைக் கடக்க மோலுக்கு 12 கிலோஜூல் வேண்டும். பென்சீனைக் கட்டினால் மூன்று குச்சிகள் நேராகவும் மூன்று இடங்களில் இரட்டைக் குச்சிகள் வளைந்தும் நிற்கும். உண்மையில் ஆறு பிணைப்புகளும் ஒரே நீளம், சுமார் 1.39 ஆங்ஸ்ட்ராம். ஒற்றைப் பிணைப்பின் 1.54க்கும் இரட்டைப் பிணைப்பின் 1.34க்கும் இடையில் அது நிற்கிறது. ஆசிரியர் பென்சீனின் அளவை மட்டும் பலகையில் எழுதிவிட்டு, 'உங்கள் பெட்டியில் எது பொய்?' என்று கேட்டால் போதும், வகுப்பு கண்டுபிடித்துவிடும்.

பெட்டி வாங்கப் பணமில்லாத இடத்தில் களிமண் உருண்டையும் பல்குத்தும் குச்சியும் உதவும். இதில் எப்போதும் நடக்கும் பிழை, நான்கு குச்சிகளையும் கூட்டல் குறிபோல 90 டிகிரியில் குத்துவது. ஒரு குச்சியை நேராக மேலே நிறுத்துங்கள். மற்ற மூன்றும் கிடைமட்டத்திலிருந்து 19.5 டிகிரி கீழே சாய்ந்திருக்க வேண்டும், மேலிருந்து பார்த்தால் ஒன்றுக்கொன்று 120 டிகிரி இடைவெளி. அட்டையில் 109.5 டிகிரிக்கு ஒரு முக்கோணத்தை வெட்டிவைத்துக்கொண்டால் ஒவ்வொரு ஜோடிக் குச்சியையும் அதில் பொருத்திச் சரிபார்க்கலாம். களிமண் காய்ந்து வெடிக்கும் முன் பாடத்தை முடித்துவிட வேண்டும். குச்சி கழன்றால் மறுபடி அதே துளையில் நிற்காது.

வடிவத்தை மட்டும் காட்ட நான்கு பலூன்களை ஒரே முடிச்சில் கட்டுவது இன்னும் எளிது. அவை தாமாகவே நான்முகியாக விலகி நிற்கும். இரண்டு கட்டினால் நேர்கோடு, மூன்றுக்குச் சமதள முக்கோணம், ஆறுக்கு எண்முகி. எல்லாப் பலூனையும் ஒரே அளவுக்கு ஊத வேண்டும். ஒன்று பெரிதாகிவிட்டால் கோணம் கெடும், ஆனால் அந்தக் கேட்டையும் பாடமாக்கலாம்: பிணைப்பில் சேராத தனித்த எலக்ட்ரான் இரட்டை அதிக இடம் பிடிக்கும்போது நீரின் கோணம் 109.5இலிருந்து 104.5க்குச் சுருங்குவது இதே போலத்தான்.

இடம் நிரப்பும் மாதிரிக்குத் தெர்மாகோல் உருண்டை நல்லது. ஒரு ஆங்ஸ்ட்ராமுக்கு 2 செ.மீ. என்று வைத்தால், வாண்டர்வால்ஸ் ஆரப்படி (பிணையாத அணுக்கள் எவ்வளவு நெருங்கும் என்பதை வைத்த ஆரம்) கார்பனுக்கு 6.8 செ.மீ. விட்டம், ஹைட்ரஜனுக்கு 4.8 செ.மீ. ஆனால் கார்பன்-ஹைட்ரஜன் பிணைப்பு 1.09 ஆங்ஸ்ட்ராம்தான். மையத்துக்கு மையம் 2.2 செ.மீ. வர வேண்டுமென்றால் உருண்டைகளைச் சீவித்தான் ஒட்ட முடியும். பிணைந்த அணுக்கள் ஒன்றுக்குள் ஒன்று எவ்வளவு புதைந்திருக்கின்றன என்பதைக் கத்தி காட்டிக்கொடுக்கும்.

இதெல்லாம் சின்னப் பிள்ளை விளையாட்டு என்று நினைக்க வேண்டாம். அணுக்களைக் கெட்டியான உருண்டைகளாக மட்டும் பாவித்து, எந்த அணுவும் எந்த அணுவை எவ்வளவு நெருங்கலாம் என்ற குறைந்தபட்சத் தூரங்களை வைத்தே, புரதச் சங்கிலி எந்தக் கோணங்களில் மடங்க முடியும் என்று சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். ராமச்சந்திரன், சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் மூவரும் 1963இல் கணக்கிட்டுக் காட்டினார்கள். ராமச்சந்திரன் வரைபடம் என்ற பெயரில் அது இன்றும் ஒவ்வொரு புரத அமைப்பையும் சரிபார்க்கப் பயன்படுகிறது. எளிய மாதிரியில் சரியான கட்டுப்பாடு ஒன்று இருந்தால் அது வெகுதூரம் போகும்.

ஃபெட் சிமுலேஷன்கள்

கொலராடோ பல்கலைக்கழகத்தில் கார்ல் வீமன் 2002இல் தொடங்கிய திட்டம். இலவசம், உலாவியிலேயே ஓடும், முன்பே பதிவிறக்கி வைத்துக்கொண்டால் இணையம் இல்லாமலும் ஓடும். ஒரே கணினியும் புரொஜெக்டரும் உள்ள வகுப்புக்கு இதைவிடப் பொருத்தமானது இல்லை.

மூலக்கூறு வடிவங்கள் பற்றிய சிமுலேஷனில் உண்மையான மூலக்கூறுகள் என்றொரு பக்கம் இருக்கிறது. அங்கே 'உண்மை', 'மாதிரி' என்று இரண்டு பொத்தான்கள். நீரைத் தேர்ந்தெடுத்து, பிணைப்புக் கோணத்தைக் காட்டச் சொல்லி, இரண்டையும் மாற்றி மாற்றி அழுத்தினால் 104.5, 109.5 என்று எண் மாறும். மாதிரி தன் குறையைத் தானே ஒப்புக்கொள்ளும் இப்படியொரு வசதி வேறு கருவிகளில் அரிது. இரண்டையும் பார்த்த பிறகு ஹைட்ரஜன் சல்ஃபைடின் கோணத்தை ஊகிக்கச் சொல்லுங்கள். 104 அல்லது 103 என்பார்கள். உண்மையான கோணம் 92 டிகிரி. எலக்ட்ரான் இரட்டை விலக்கக் கொள்கையின் எல்லை அங்கே இருக்கிறது.

அணுக்களுக்கிடையிலான விசைகளைக் காட்டும் சிமுலேஷனும் நல்லது. ஓர் அணுவை இழுத்து விட்டால் நிலையாற்றல் பள்ளத்துக்குள் அது முன்னும் பின்னும் ஆடுவதைப் படமும் வரைபடமும் ஒன்றாகக் காட்டும். பின்னால் இயக்கவியலுக்குப் போகிறவர்களுக்கு இதுவே அடித்தளம். ஆனால் ஃபெட்டின் எல்லை குறுகியது. அவர்கள் வைத்த மூலக்கூறுகள்தாம், அவர்கள் வைத்த கேள்விகள்தாம். இரண்டு பாடவேளைக்கு மேல் இதில் செலவிட வேண்டியதில்லை.

மோல்வியூ, ஜேஎஸ்மோல், புரதத் தரவு வங்கி போன்ற பார்வைக் கருவிகளை இந்த ஒப்பீட்டில் சேர்க்கவில்லை. அவை பிறர் கண்டுபிடித்த அமைப்பைக் காட்டுகின்றன, எதையும் கணக்கிட்டு மாணவருக்குச் சவால் விடுவதில்லை. பயன்படுத்துவதானால் ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: எக்ஸ்-கதிரால் கண்ட பெரும்பாலான புரத அமைப்புகளில் ஹைட்ரஜன் அணுக்கள் இருக்காது. எலக்ட்ரான் குறைவான ஹைட்ரஜன் எக்ஸ்-கதிரைச் சிதறடிப்பது மிகச் சொற்பம் என்பதே காரணம், கோப்பில் பழுதில்லை.

அவகாட்ரோவும் விசைப்புலமும்

கல்லூரி முதலாண்டுக்கு இதுதான் நடுநாயகம். திறமூல மென்பொருள், பழைய மடிக்கணினியிலும் ஓடும், மூலக்கூறை வரைந்து முடித்த மறுநிமிடமே ஆற்றலைச் சொல்லும். விசைப்புலம் என்பது அணுக்களை உருண்டைகளாகவும் பிணைப்புகளைச் சுருள்வில்களாகவும் பாவிக்கும் கணக்கு. நீளம் மாறினால் எவ்வளவு, கோணம் மாறினால் எவ்வளவு, சுழன்றால் எவ்வளவு, பிணையாத அணுக்கள் நெருங்கினால் எவ்வளவு என்று தனித்தனியே ஆற்றலைக் கூட்டும். எலக்ட்ரான் என்ற பேச்சே இதில் இல்லை.

முதல் பயிற்சியாகப் பியூட்டேனையே கொடுங்கள். 1.2 பதிப்பில் செயல்முறை இப்படி (புதிய அவகாட்ரோ 2இல் மெனுக்கள் இடம் மாறியிருக்கும், ஆகவே ஆய்வகத்தின் எல்லாக் கணினியிலும் ஒரே பதிப்பை நிறுவுங்கள்):

பென்சில் கருவியில் கார்பனைத் தேர்ந்து, ஹைட்ரஜனைத் தானே சரிசெய்யும் கட்டத்தில் டிக் இருக்கிறதா என்று பார்த்து, நான்கு கார்பன்களை இழுத்து வரையவும். எக்ஸ்டென்ஷன்ஸ் மெனுவில் மாலிக்யூலர் மெக்கானிக்ஸ் பகுதியில் விசைப்புலத்தை எம்எம்எஃப்எஃப்94 என்று அமைக்கவும். வடிவத்தை உகந்ததாக்கும் கட்டளையைக் கொடுக்கவும். ஆற்றலைக் குறிக்கவும். பிறகு பிணைப்பை மையமாக வைத்துத் திருப்பும் கருவியால் நடுப் பிணைப்பின் இருமுகக் கோணத்தை (அதன் வழியே பார்த்தால் இரு முனைக் கார்பன்களுக்கும் இடையே தெரியும் கோணம்) 180, 150, 120 என்று 30 டிகிரி படிகளில் பூஜ்யம் வரை கொண்டுவந்து ஒவ்வொரு படியிலும் ஆற்றலைக் கணக்கிடவும். ஏழு புள்ளிகள், ஒரு வரைபடத்தாள், ஒரு பாடவேளை.

180 டிகிரியைப் பூஜ்யமாக வைத்தால், 60 டிகிரியில் மோலுக்கு மூன்று முதல் நான்கு கிலோஜூல் வரும். பாடநூல் மதிப்பு 3.8. இதை வைத்து, ஆற்றல் வேறுபாட்டிலிருந்து எத்தனை மூலக்கூறுகள் எந்த வடிவில் என்று சொல்லும் போல்ட்ஸ்மன் கணக்கைப் போடச் சொல்லுங்கள். 298 கெல்வினில் வாயு மாறிலியும் வெப்பநிலையும் பெருகி 2.48 கிலோஜூல் தரும். 3.8ஐ அதனால் வகுத்து, எதிர்க்குறியிட்ட அடுக்குக்குறி எடுத்தால் 0.216. மடங்கிய வடிவம் இடம், வலம் என இரண்டு என்பதால் 0.43. அப்படியானால் நீண்ட வடிவம் 70 சதவீதம், மடங்கியவை 30. இந்தக் கட்டுரையின் முதல் பத்தியில் சொன்ன ஏழும் மூன்றும் இப்படி வந்தவைதான்.

பூஜ்ய டிகிரியில்தான் சிக்கல் வரும். பாடநூலில் 19 கிலோஜூல் அளவில் போட்டிருக்கும், மாணவருக்கு அதைவிடக் கணிசமாகக் கூடுதலாக வரும். தப்பு செய்துவிட்டோம் என்று அழித்து எழுதுவார்கள். அழிக்க விடக்கூடாது. கோணத்தை மட்டும் திருப்பிவிட்டு மற்ற அணுக்களை இருந்த இடத்திலேயே விட்டதால் இரு முனை மெத்தில் தொகுதிகளும் முட்டிக்கொள்கின்றன. உண்மை மூலக்கூறு கார்பன் கோணங்களைச் சற்று விரித்து அந்த நெருக்கத்தைத் தணித்துக்கொள்ளும். கட்டுப்பாடுகள் பகுதியில் இருமுகக் கோணத்தை மட்டும் பூட்டிவைத்து மீண்டும் உகந்ததாக்கினால் ஆற்றல் இறங்கும். இறுக்கமான வருடல் (கோணத்தை மட்டும் மாற்றுவது), தளர்ந்த வருடல் (ஒவ்வொரு படியிலும் மற்ற அணுக்களை இளக விடுவது) என்ற வேறுபாட்டை மாணவர் தம் தவறு என்று நினைத்ததிலிருந்தே கற்றுக்கொள்வார்.

அடுத்து அவகாட்ரோவில் அடிக்கடி நடப்பவை. தட்டையாக வரைந்த மூலக்கூறு சில சமயம் தட்டையாகவே நிற்கும். அம்மோனியாவின் நான்கு அணுக்களும் துல்லியமாக ஒரே தளத்தில் இருந்தால் தளத்துக்கு வெளியே இழுக்கும் விசை பூஜ்யம், மென்பொருளுக்கு எந்தப் பக்கம் போவதென்று தெரியாது. ஒரு ஹைட்ரஜனைக் கொஞ்சம் தூக்கிவிட்டு மறுபடி ஓடவிட்டால் பிரமிடு வடிவம் வந்துவிடும். பென்சீனை வரைகிறவர் ஆறு ஒற்றைப் பிணைப்பாக வரைந்து சைக்ளோஹெக்சேனோடு நிற்பார். சில உலோக அயனிகளைத் தவிர, உலோகம் உள்ள சேர்மத்துக்கு எம்எம்எஃப்எஃப்94இல் அளவுருக்கள் கிடையாது. யுஎஃப்எஃப் என்ற விசைப்புலத்துக்கு மாறினால் தனிம அட்டவணை முழுவதற்கும் கணக்குப் போடும், ஆனால் கரடுமுரடாக. அவகாட்ரோவில் வரும் யுஎஃப்எஃப் மின்னூட்டங்களின் ஈர்ப்பைக் கணக்கில் எடுப்பதில்லை என்பதால் இரண்டு நீர் மூலக்கூறுகளை அருகில் வைத்து ஹைட்ரஜன் பிணைப்பைக் காட்ட அது உதவாது. எம்எம்எஃப்எஃப்94இல் ஓட்டினால் ஒன்றை நோக்கி ஒன்று திரும்பும். உண்மையில் ஆக்சிஜன்-ஆக்சிஜன் தூரம் 2.98 ஆங்ஸ்ட்ராம், அதோடு ஒப்பிடச் சொல்லலாம்.

மிகப் பெரிய பிழை ஒன்று உண்டு, அதை வேண்டுமென்றே செய்யவைக்க வேண்டும். எத்தனால், டைமெத்தில் ஈதர் இரண்டையும் வரைந்து, இரண்டின் ஆற்றலையும் எழுதி, எது நிலையானது என்று கேளுங்கள். அணுக்கள் இரண்டிலும் ஒன்றே. மாணவர் இரண்டு எண்களையும் ஒப்பிட்டு ஒரு விடையைச் சொல்வார். அந்த ஒப்பீட்டுக்குப் பொருளே இல்லை. விசைப்புலத்தில் பூஜ்யம் என்பது ஒவ்வொரு பிணைப்பும் தன் இயல்பான நீளத்தில் நிம்மதியாக இருக்கும் நிலை. பிணைப்புகளே வேறாக இருக்கும் இரண்டு மூலக்கூறுகளுக்குப் பூஜ்யமும் வேறு. ஒரே பிணைப்பு அமைப்புள்ள வடிவங்களுக்கிடையில் மட்டுமே விசைப்புல ஆற்றலை ஒப்பிடலாம். மெத்தில்சைக்ளோஹெக்சேனில் மெத்தில் அச்சில் நிற்பதா, நடுவரையில் நிற்பதா என்பது சரியான கேள்வி. விடை 7 கிலோஜூலை ஒட்டி வரும், 95 சதவீதம் நடுவரையில்.

இன்னொன்று: தானாக உகந்ததாக்கும் கருவியை ஓடவிட்டு மீத்தேனிலிருந்து ஒரு ஹைட்ரஜனைச் சுட்டியால் பிடித்து இழுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். எவ்வளவு இழுத்தாலும் பிணைப்பு அறாது, விட்டதும் ஓடிவந்து ஒட்டிக்கொள்ளும். வேதிவினை என்ற ஒன்று இந்த உலகத்தில் நடக்கவே முடியாது. இந்த இரண்டு தோல்விகளையும் பார்த்த மாணவர்தான், எலக்ட்ரானைக் கணக்கில் எடுக்கும் முறை எதற்கு என்று கேட்பார். அந்தக் கேள்வி வந்த பிறகே அடுத்த படிக்குப் போக வேண்டும்.

குவாண்டம் கணக்கு

ஆர்க்கா என்ற மென்பொருள் கல்விப் பயன்பாட்டுக்கு இலவசம், பதிவு செய்ய வேண்டும். சை4, பைஎஸ்சிஎஃப் இரண்டும் திறமூலம். எக்ஸ்டிபி என்ற பகுதி-அனுபவ முறை மென்பொருள் சிறியது, மிக வேகமானது, எத்தனால் அளவுள்ள மூலக்கூறைச் சாதாரண மடிக்கணினியில் கண்மூடித் திறப்பதற்குள் முடித்துவிடும். தொடக்கத்துக்கு எக்ஸ்டிபியைப் பரிந்துரைக்கிறோம். பிறகு அதே மூலக்கூறை ஆர்க்காவில் ஓட்டி எண்கள் எப்படி மாறுகின்றன என்று பார்க்கலாம்.

எத்தனாலையும் ஈதரையும் இங்கே மறுபடி எடுத்துக்கொள்ளுங்கள். வாயு நிலையில் உருவாதல் வெப்பம் எத்தனாலுக்கு -235, ஈதருக்கு -184 கிலோஜூல். வேறுபாடு 51. இப்போது வரும் கணக்கை இதோடு ஒப்பிடுவதில் பொருள் இருக்கிறது. விடை ஹார்ட்ரீ என்ற அலகில் வரும், ஒரு ஹார்ட்ரீ என்பது மோலுக்கு 2625.5 கிலோஜூல். 51 கிலோஜூல் வெறும் 0.0194 ஹார்ட்ரீ. பழக்கதோஷத்தில் இரண்டு தசம இடத்துக்கு முழுமையாக்கி எழுதும் மாணவர் வேதியியல் முழுவதையும் தூக்கி எறிந்துவிடுகிறார். ஆறு தசம இடம் வரை எழுத வேண்டும் என்பதை ஆய்வகக் கதவில் ஒட்டிவைக்கலாம்.

கணக்கு ஓடாமல் நிற்பதற்குக் குவாண்டம் இயற்பியல் காரணமாக இருப்பது அபூர்வம். ஆயத்தொலைக் கோப்பில் முதல் வரி அணுக்களின் எண்ணிக்கை, இரண்டாம் வரி குறிப்பு, மூன்றாம் வரியிலிருந்து அணுக்கள். குறிப்பு தேவையில்லை என்று இரண்டாம் வரியையே நீக்கிவிட்டால் முதல் அணு காணாமல் போகும். விண்டோஸ் கோப்பின் கடைசிப் பின்னொட்டை மறைத்துவைப்பதால் நோட்பேடில் சேமித்த கோப்புக்கு இரட்டைப் பின்னொட்டு ஒட்டிக்கொண்டு நிற்கும். கோப்புறைப் பெயரில் இடைவெளியோ தமிழ் எழுத்தோ இருந்தால் சில மென்பொருள்கள் திணறும். சுருக்கமான ஆங்கிலப் பெயரில், வட்டின் வேரிலேயே ஒரு கோப்புறை வைத்துக்கொள்வது உத்தமம்.

ஓடிமுடித்தும் தவறாக வருவதற்கு முதன்மைக் காரணம் மின்சுமையும் சுழற்சிப் பன்மையும் (இணைசேராத எலக்ட்ரான்களின் எண்ணிக்கையோடு ஒன்றைக் கூட்டியது). ஆக்சிஜன் மூலக்கூறுக்குப் பன்மை 3. மற்ற எல்லாவற்றுக்கும் போட்டதுபோல 1 என்று போட்டால் மென்பொருள் எந்த எச்சரிக்கையும் இல்லாமல் கணக்கிட்டுத் தரும், ஆனால் அது கிளர்வுற்ற ஒற்றை நிலை. உண்மையில் அது மோலுக்கு 94 கிலோஜூல் மேலே இருக்கிறது. இரண்டு பன்மையிலும் ஓட்டி ஒப்பிடவைத்தால், திரவ ஆக்சிஜன் காந்தத்தில் ஒட்டுவது ஏன் என்ற பாடமும் சேர்ந்தே முடியும்.

முறையின் தோல்வியைக் காட்ட ஹைட்ரஜன் மூலக்கூறு போதும். கட்டுப்பட்ட ஹார்ட்ரீ-ஃபாக் முறையில் பிணைப்பை 0.5 ஆங்ஸ்ட்ராமிலிருந்து 4 வரை நீட்டி வரைபடம் போடச் சொல்லுங்கள். பள்ளம் 0.74 அருகே சரியாக வரும். ஆனால் வலப்பக்கம், இரண்டு தனி ஹைட்ரஜன் அணுக்களின் ஆற்றலான -1.0 ஹார்ட்ரீயில் சமப்பட வேண்டிய கோடு அதைத் தாண்டி மேலே ஏறிக்கொண்டே போகும். இரண்டு எலக்ட்ரானும் ஒரே ஆர்பிட்டாலைப் பகிர்ந்தாக வேண்டும் என்று முறை வற்புறுத்துவதால், பிரிந்த பிறகும் பாதி நேரம் இரண்டும் ஒரே அணுவில் இருப்பதாக அது கணக்கிடுகிறது. இது இளங்கலை மூன்றாம் ஆண்டுக்கும் முதுகலைக்கும் உரிய பயிற்சி. மூலக்கூறு ஆர்பிட்டால் பாடம் முடியாதவரிடம் இதைக் கொடுத்தால் வெறும் கோடுதான் தெரியும்.

ஆய்வகத்தில் நிறுவ முடியாவிட்டால் கூகுள் கோலாப் உண்டு. ஒவ்வொரு அமர்விலும் மென்பொருளை மறுபடி நிறுவ வேண்டும், அமர்வு முடிந்தால் கோப்புகள் போய்விடும், முப்பது பேர் ஒரே இணைய இணைப்பில் நிறுவத் தொடங்கினால் பாதிப் பாடவேளை அதற்கே சரியாகும்.

அணுக்களை ஓடவிடுதல்

மேலே சொன்ன எல்லாமே அசையாத மூலக்கூறின் கணக்கு. வெப்பநிலை, உருகுதல், பரவுதல் வேண்டுமென்றால் நியூட்டனின் சமன்பாட்டை அணுக்களுக்குப் போட வேண்டும். ஹைதராபாத்தில் பிறந்த அனீசுர் ரஹ்மான் 1964இல் அமெரிக்காவின் ஆர்கான் தேசிய ஆய்வகத்தில் 864 ஆர்கான் அணுக்களை 94.4 கெல்வினில் ஓடவிட்டுத் திரவத்தின் அமைப்பைக் கணித்தார். அவர் சிடிசி 3600 கணினியில் செய்ததை இன்று மாணவர் தம் மடிக்கணினியில் பைதான் நிரலாக எழுதலாம்.

லேம்ப்ஸ், குரோமாக்ஸ் போன்ற பெரிய மென்பொருள்களைத் தொடக்கத்தில் கொடுக்க வேண்டாம். உள்ளீட்டுக் கோப்பைப் பார்த்து எழுதும் பயிற்சியாகிவிடும். நூறு வரிக்குள் தாமே எழுதும் நிரலில் ஒவ்வொரு தவறும் கண்ணில் படும். 108 அணுக்களோடு தொடங்குங்கள், 5778 ஜோடிகள். பைதானின் இரட்டைச் சுழலில் 864ஐப் போட்டால் ஜோடிகள் 3,72,816 ஆகும், படிக்குப் படி காத்திருக்க வேண்டிவரும். அணு ஜோடியின் ஈர்ப்பையும் விலக்கத்தையும் தரும் லெனார்ட்-ஜோன்ஸ் சூத்திரத்தில் ஆழம் 120 கெல்வினுக்குச் சமம், விட்டம் 3.4 ஆங்ஸ்ட்ராம், காலப்படி 10 ஃபெம்டோ வினாடி. நீர்போல ஹைட்ரஜன் உள்ளதற்கு இந்தக் காலப்படி ஒத்துவராது. ஆக்சிஜன்-ஹைட்ரஜன் பிணைப்பு ஒருமுறை அதிர எடுப்பதே 9 ஃபெம்டோ வினாடி, ஆகவே 1 அல்லது அதற்கும் கீழே.

அணுக்களைத் தாறுமாறான இடங்களில் வைத்துத் தொடங்கினால் எங்காவது இரண்டு ஒன்றன்மேல் ஒன்று விழுந்து, முதல் படியிலேயே ஆற்றல் எண்ணிலடங்காமல் வெடிக்கும். முகமையக் கனசதுர அணிக்கோவையில் வைக்க வேண்டும். 108, 256, 500, 864 என்ற எண்ணிக்கைகள் அதனால்தான் வருகின்றன. அப்படி வைத்து, 100 கெல்வினுக்கான திசைவேகங்களைக் கொடுத்து ஓட்டினால் வெப்பநிலை சில நூறு படிகளில் பாதிக்கு அருகே இறங்கிவிடும். நிரலில் பிழை என்று எல்லோரும் தேடுவார்கள். பிழையில்லை. ஒழுங்கான அணிக்கோவையில் நிலையாற்றல் மிகக் குறைவாக இருந்தது, இயக்க ஆற்றலில் பாதி அதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டது. சமபங்கீட்டு விதியை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சோதனை வகுப்பறையில் இல்லை. மொத்த ஆற்றல் நிலையாக இருக்கிறதா என்பதே நிரல் சரியா என்பதற்கான சோதனை. அது மெல்ல ஏறினால் காலப்படியைப் பாதியாக்கிப் பாருங்கள்.

இந்த வழிக்கு ஆறு முதல் எட்டுப் பாடவேளை வேண்டும். நிரல் எழுதத் தெரிந்த, இயற்பியலும் சேர்த்துப் படிக்கிற குழுவுக்கு இது மற்ற எல்லாவற்றையும்விட நிறைவு தரும். மற்றவர்களுக்குச் சுமை.

எந்த இடத்துக்கு எது

கணினியே இல்லாத பள்ளியில் பெட்டியும் பலூனும் போதும், நான்கு பாடவேளை. புரொஜெக்டர் இருந்தால் ஃபெட்டின் இரண்டு பாடவேளையைச் சேருங்கள், அவகாட்ரோவை ஆசிரியர் ஓட்டிக் காட்டுவதைவிட ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு மாணவரை முன்னால் அழைத்துத் திருப்பவிடுங்கள். பத்துப் பதினைந்து கணினி உள்ள கல்லூரியில் முதல் வாரம் பெட்டி, அடுத்த மூன்று வாரம் அவகாட்ரோ, பருவத்தின் இறுதியில் எத்தனால்-ஈதர் கணக்குக்காக மட்டும் எக்ஸ்டிபி. கணினி இருக்கிறதே என்று பெட்டியைத் தாண்டிப் போக வேண்டாம். சைக்ளோஹெக்சேனைக் கையில் புரட்டாதவர் திரையில் அதைச் சுழற்றும்போது எந்த ஹைட்ரஜன் எங்கே போனது என்று தொலைத்துவிடுகிறார்.

பதிவேட்டில் மட்டும் எல்லா வழிகளுக்கும் ஒரே ஏற்பாடு செய்யலாம். மூன்று நெடுவரிசைகள்: முதலாவதில் மாணவரின் ஊகம், பேனாவில், கணினியைத் தொடும் முன் எழுதியது. இரண்டாவதில் மாதிரி தந்த எண். மூன்றாவதில் அளவிட்ட உண்மை மதிப்பு. மதிப்பெண்ணை இரண்டாம் நெடுவரிசைக்குக் கொடுக்காமல், மூன்றும் ஒத்துப்போகாத வரிகளுக்குக் கீழே மாணவர் எழுதும் காரணத்துக்குக் கொடுங்கள்.